விதை நேர்த்திக்கு ஏற்ற பசை எது?
பசையின் அமைப்பை அறிந்தால் நுண்ணுயிர் உரம் வீணாகாது

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, சோயா மொச்சை போன்ற பயிர்களின் விதையுடன் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதைக்க வேண்டும் என்பது விவசாயிகள் நன்கு அறிந்த செய்தியாகும். இந்த நுண்ணுயிர் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தருகிறது. இதனால் உரச் செலவு குறைகிறது. அடுத்துப் பயிரிடும் பயிருக்கும் நன்மை உண்டு.

ஆனால், பொட்டலம் வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலர் அதை விதையில் ஒட்ட வைக்கும் கஞ்சியில் காட்டுவதில்லை. கஞ்சி நீர்த்துப் போயிருந்தால் கருநிறத் தூள் முழுவதும் சாக்கின் அடியில் தங்கிவிடுகிறது. கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர்கள் அங்கேயே மடிந்து விடுகின்றன. பிறகு, "நானும் கலந்துதான் விதைத்தேன், முடிச்சே காணோம்" என்று வருந்துவதில் பயனில்லை.

3 பொட்டலமா, 10 பொட்டலமா?

பயறு வகைகளில் விதை நேர்த்தி செய்வதற்கு எக்டருக்கு 200 கிராம் கொண்ட 3 பொட்டலங்கள், அதாவது 600 கிராம் ரைசோபியம் போதுமானது. விதை நேர்த்தி செய்யத் தவறினால், 10 பொட்டலங்களை, அதாவது 2 கிலோவை, 25 கிலோ தொழு உரத்துடனும் 25 கிலோ மண்ணுடனும் கலந்து விதைப்புக்கு முன் நிலத்தில் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

இந்த இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நுண்ணுயிர் விதையோடு ஒட்டிச் சென்றால், முளைக்கும் வேர் முதல் நாளிலேயே அதைச் சந்திக்கிறது. எனவே 3 பொட்டலம் போதும். மண்ணில் தூவினால் வேர் அதைத் தேடிச் செல்ல வேண்டும். எனவே மூன்று மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது. இந்த வித்தியாசம் முழுவதும் நாம் காய்ச்சும் கஞ்சியின் பசைத் தன்மையில்தான் அடங்கியிருக்கிறது.

பசை எப்படி ஒட்டுகிறது?

அரிசிக் கஞ்சி, கருவேலம் பிசின், புளியங்கொட்டைப் பசை ஆகிய எல்லாமே செடிகள் உண்டாக்கும் பசைகள். காய்ந்து கிடக்கும்போது இவை வெறும் மாவு அல்லது கட்டி. தண்ணீர் பட்டால்தான் பசைத் தன்மை வெளிப்படுகிறது.

இவை அனைத்தும் சிறு சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து உண்டான நீண்ட சங்கிலிகளாகும். ஒவ்வொரு சர்க்கரைத் துகளிலும் தண்ணீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் உண்டு. இரசாயன நூல்கள் இவற்றை ஹைட்ராக்சில் தொகுதி என்று கூறும். தண்ணீர் சேர்ந்ததும் இந்தச் சங்கிலிகள் விலகி, விரிந்து, விதைத் தோலின் நுண்ணிய பள்ளங்களில் பரவுகின்றன. பிறகு நிழலில் தண்ணீர் ஆவியாகும்போது, தண்ணீரைப் பிடித்திருந்த கைகள் விதைத் தோலையும், நுண்ணுயிர்த் தூளையும், பக்கத்துச் சங்கிலிகளையும் பற்றிக்கொள்கின்றன. இதையே நாம் "ஒட்டிக்கொண்டது" என்கிறோம்.

ஆகவே பசை வேலை செய்வதற்குத் தண்ணீர் வரவும் வேண்டும், போகவும் வேண்டும். விதை நேர்த்திக்கு மூன்றாவது தேவை ஒன்றும் உண்டு. விதை மண்ணில் விழுந்ததும், மண்ணின் ஈரத்தில் அந்தப் பசை மீண்டும் இளக வேண்டும். அப்போதுதான் நுண்ணுயிர் விடுபட்டு வேரை அடையும். அஞ்சல் தலையின் பின்புறத்தை ஈரப்படுத்தியதும் பசை இளகுவது போன்றது இது. மண் ஈரத்தில் இளகாமல் கெட்டியாகவே நிற்கும் பசை விதைக்கு ஏற்றதல்ல.

இயற்கையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. திருநீற்றுப் பச்சிலையின் விதையை, அதாவது சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் அதைச் சுற்றி வழவழப்பான உறை உண்டாகிறது. செல்லுலோஸ் இழைகள் சட்டம் போல நிற்க, மற்றப் பசைப் பொருட்கள் தண்ணீரை உறிஞ்சி அவற்றைச் சுற்றி உப்புகின்றன. மழை பெய்ததும் விதை மண்ணோடு ஒட்டிக்கொண்டு, அடித்துச் செல்லப்படாமல் முளைப்பதற்கு இந்த உறை உதவுகிறது. நாம் கஞ்சியால் செய்வதை இச்செடி தானே செய்து கொள்கிறது.

ஒரே சர்க்கரை, வேறு வேறு உருவம்

பருத்திப் பஞ்சும் அரிசி மாவும் குளுகோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆனவை என்றால் வியப்பாக இருக்கும். பஞ்சை எவ்வளவு வேக வைத்தாலும் கஞ்சியாகாது. அரிசி மாவு சிறிது நேரத்தில் கஞ்சியாகி விடுகிறது. சர்க்கரைகள் கோக்கப்பட்டிருக்கும் விதமே காரணம். பஞ்சில் சங்கிலிகள் நேராக, அடுக்கிய கம்பிகளைப் போல நெருங்கி நிற்பதால் தண்ணீர் உள்ளே நுழைய முடிவதில்லை. மாவுச்சத்தில் சங்கிலிகள் சுருண்டும் கிளைத்தும் இருப்பதால், சூடேறியதும் தண்ணீர் உள்ளே புகுந்து விடுகிறது.

மாவுச்சத்திலும் இரண்டு வகைகள் உண்டு. கிளையில்லாத நீண்ட சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். கருவேல மரத்தின் கிளைகளைப் போலப் பல கிளைகளாகப் பிரிந்த சங்கிலிக்கு அமைலோபெக்டின் என்று பெயர். இவ்விரண்டின் குணமும் நேர்மாறானது.

அமைலோஸ் நேரான சங்கிலி என்பதால், கஞ்சி ஆறியதும் ஒன்றோடு ஒன்று அணைந்து கட்டிப்பட்டு விடுகிறது. பழைய கஞ்சியில் மேலே தண்ணீர் தனியாகவும் கீழே கட்டி தனியாகவும் பிரிந்து நிற்பதற்கு இதுவே காரணம். இது காய்ந்தால் உறுதியான ஏடு போலாகும். ஆனால் மறுபடியும் தண்ணீரில் எளிதில் இளகாது.

அமைலோபெக்டினின் கிளைகள் ஒன்றோடு ஒன்று நெருங்க விடாமல் இடைவெளி தருகின்றன. அதனால் கஞ்சி நெடுநேரம் கொழகொழப்பாகவே இருக்கும். காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகும். விதை நேர்த்திக்கு வேண்டியது இந்தக் குணமே.

அரிசிக்கு அரிசி பசை மாறும்

ஐ.ஆர். 8 நெல் 1966-ல் வெளிவந்தபோது, அதன் சோறு ஆறினால் விறைத்துப் போகிறது என்று பலரும் குறை கூறினார்கள். அந்த ரகத்தின் மாவுச்சத்தில் அமைலோஸ் 25 சதவிகிதத்துக்கும் மேல் இருந்ததே காரணம். அசாமில் விளையும் போரா என்ற ஒட்டு அரிசியில் அமைலோஸ் மிகச் சொற்பம். அதன் சோறு கையில் பசை போல ஒட்டும். சோறு உதிரியாக இருக்கும் அரிசியின் கஞ்சியில் பசை குறைவு, குழையும் அரிசியின் கஞ்சியில் பசை அதிகம் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

புழுங்கல் அரிசியை விடப் பச்சரிசிக் கஞ்சி நன்றாக ஒட்டும். நெல்லைப் புழுக்கும்போது மாவுச்சத்து அரிசிக்குள்ளேயே ஒருமுறை வெந்து, ஆறி, இறுகி விடுகிறது. ஆகவே மறுபடி வேக வைக்கும்போது கஞ்சியில் இறங்கும் பசை குறைந்து விடுகிறது. அதேபோல் பழைய அரிசியை விடப் புது அரிசி அதிகம் குழையும். சோற்றுக்கு இது குறையாக இருக்கலாம். விதை நேர்த்திக் கஞ்சிக்கு இது நிறைவே.

மரவள்ளிக் கிழங்கு மாவும் நல்ல பசை தரும். அதில் அமைலோஸ் ஏறக்குறைய 17 முதல் 20 சதவிகிதம்தான். கஞ்சி தெளிவாகவும் கொழகொழப்பாகவும் இருக்கும். சேலம் வட்டாரத்தில் இம்மாவு எளிதில் கிடைக்கும்.

வேக வைப்பதும் ஆற வைப்பதும்

மாவுச்சத்து குளிர்ந்த நீரில் கரைவதில்லை. அரிசி ரகத்துக்கு ஏற்ப 55 முதல் 79 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில்தான் அதன் மணிகள் உப்பி உடைந்து, சங்கிலிகள் வெளிவருகின்றன. எனவே பச்சை மாவைத் தண்ணீரில் கரைத்து விதையில் தெளித்தால் ஒட்டாது. காய்ந்ததும் மாவும் உதிரும், மருந்தும் உதிரும். கஞ்சி நன்றாகக் கொதித்து வெந்திருக்க வேண்டும்.

ஆனால் ரைசோபியம் உயிருள்ள பொருள். அதற்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமே உகந்தது. எனவே கஞ்சி முழுவதும் ஆறிய பிறகே தூளைச் சேர்க்க வேண்டும். பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புக் கூட இருக்கக் கூடாது.

ஆற வைக்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் கஞ்சியைப் பயன்படுத்துவது தவறு. இரவில் கஞ்சியில் வளரும் கிருமிகள் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டி விடுகின்றன. அதனால்தான் புளித்த கஞ்சி நீர்த்துப் போகிறது. புளிப்பு ரைசோபியத்துக்கும் ஆகாது. உப்புப் போட்ட கஞ்சியும் வேண்டாம். அன்று காலையில் காய்ச்சி, அன்றே ஆறிய கஞ்சியே ஏற்றது.

கருவேலம் பிசின்

பிசினின் அமைப்பு வேறு விதமானது. பல வகைச் சர்க்கரைகள் நெருக்கமாகக் கிளைத்து, ஏறக்குறைய பந்து போலச் சுருண்டிருக்கும். அதனுடன் சிறிதளவு புரதமும் சேர்ந்திருக்கிறது. இந்த உருவத்தினால் இரண்டு நன்மைகள் உண்டாகின்றன.

முதலாவது, பிசின் குளிர்ந்த நீரிலும் கரையும். இரண்டாவது, நிறையக் கரைத்தாலும் கட்டிப்படாமல் ஓடும். நூறு மில்லி தண்ணீரில் 40 கிராம் பிசினைக் கூடக் கரைத்துப் பூசலாம். அரிசி மாவை இந்த அளவில் காய்ச்சினால் களியாகி விடும். இவ்வாறு அதிகப் பிசின் விதைமேல் படிவதால் பூச்சு கனமாகவும் உறுதியாகவும் அமைகிறது. நுண்ணுயிர் உலர்ந்து மடிவதையும் பிசின் பெருமளவு தடுக்கிறது. மண்ணில் ஈரம் பட்டதும் தாராளமாக இளகிக் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் புளிப்பு நிலங்களில் விதைக்கும் தீவனப் பயறு விதைகளுக்கு, ரைசோபியத்துடன் சுண்ணாம்புத் தூளையும் சேர்த்து உருண்டையாக்குவதற்குப் பல ஆண்டுகளாக இத்தகைய பிசினைப் பயன்படுத்தியுள்ளனர்.

நம் ஊர்க் கருவேல மரத்தில் வடியும் பிசினைத் தூசி நீக்கிப் பயன்படுத்தலாம். கடையில் புட்டியில் விற்கும் காகிதம் ஒட்டும் கோந்தை மட்டும் பயன்படுத்தக் கூடாது. கெடாமல் இருக்க அதில் சேர்க்கும் மருந்து நுண்ணுயிரைக் கொன்று விடும்.

வெல்லக் கரைசல் போதுமா?

வட மாநிலங்களில் வெல்லக் கரைசலில் ரைசோபியம் கலக்கும் வழக்கம் உண்டு. வெல்லம் கையில் பிசுபிசுக்கும் என்பது உண்மை. ஆனால் வெல்லத்தின் சர்க்கரை நீண்ட சங்கிலி அல்ல. இரண்டே துகள்கள் சேர்ந்தது. எனவே காய்ந்ததும் அது ஏடாகப் படர்ந்து தூளைக் கட்டிப் பிடிப்பதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் மறுபடி நசநசக்கும். எறும்பும் வரும். நுண்ணுயிருக்கு அது உணவாகும் என்பது ஒரு நன்மை. ஆகவே கஞ்சி காய்ச்ச இயலாத அவசரத்தில் வெல்லக் கரைசலைப் பயன்படுத்தி, உடனே விதைத்து விடலாம். கஞ்சியுடன் சிறிது வெல்லம் சேர்ப்பதில் தவறில்லை.

உதிர வேண்டிய பசை

விதைக்கு ஆகாத குணம் வேறிடத்தில் பயன்படுகிறது. மா, சப்போட்டா போன்ற மரங்களில் தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி ஆகியவை கழிக்கும் தேன் போன்ற திரவத்தின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலைகளை மூடிவிடுகிறது. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னையில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயாலும் இதே தொல்லை வந்தது.

இதற்கு மைதாக் கஞ்சி நல்ல பலன் தருகிறது. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறிய பின் 20 லிட்டராகக் கலக்கி, வடிகட்டி, இலைகள் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் கஞ்சி காயும்போது நேரான சங்கிலிகள் ஒன்றையொன்று இழுத்துச் சுருங்கி ஏடாகின்றன. அந்த ஏடு பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்து விடுகிறது. தண்ணீர் விரைவில் வெளியேறினால்தான் இது நடக்கும். எனவே மேகமூட்டமான நாளில் தெளிக்கக் கூடாது. தத்துப்பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் தனியே நடவடிக்கை எடுக்காவிட்டால் கரும்பூசணம் திரும்பவும் வரும்.

விதையில் பசை நிலைக்க வேண்டும், எனவே நிழலில் மெதுவாக உலர்த்துகிறோம். இலையில் பசை உதிர வேண்டும், எனவே வெயிலில் தெளிக்கிறோம். இந்த வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும்.

செய்முறை

1. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 50 கிராம் பச்சரிசி மாவு என்ற கணக்கில் கரைத்து, கட்டியில்லாமல் கிளறிக் கொதிக்க விடவும். கஞ்சி மோரை விடக் கெட்டியாகவும், இட்லி மாவை விட இளக்கமாகவும் இருப்பது நல்லது. உப்புப் போட வேண்டாம்.

2. மூடி வைத்து முழுவதும் ஆற விடவும். மேலே ஏடு படிந்தால் எடுத்து விடவும்.

3. ஒரு பொட்டலம் (200 கிராம்) ரைசோபியத்தை 200 மி.லி. ஆறிய கஞ்சியில் கலந்து குழம்பாக்கவும். இது ஏறக்குறைய 10 கிலோ விதைக்குப் போதுமானது. பொட்டலத்தின் மேல் பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்கவும். உளுந்துக்கு உரியதை உளுந்துக்கும், நிலக்கடலைக்கு உரியதை நிலக்கடலைக்கும் பயன்படுத்த வேண்டும்.

4. விதையைச் சுத்தமான தரையில் அல்லது சாக்கில் பரப்பி, குழம்பை ஊற்றி, எல்லா விதைகளிலும் சீராகப் படும்படி மெதுவாகப் புரட்டவும். நிலக்கடலை, சோயா மொச்சை ஆகியவற்றின் தோல் மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் உரிந்து விடும். கஞ்சி அதிகமானாலும் தோல் ஊறிச் சுருங்கும்.

5. நிழலில் 30 நிமிடம் உலர்த்தவும். வெயில் படக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், கூடுமானால் அன்றே, விதைத்து விடவும்.

6. பூசண மருந்து கலந்த விதையாக இருந்தால், கலந்து 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் சேர்க்க வேண்டும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற உயிரியல் மருந்துகளை முதலில் கலந்து, பிறகு ரைசோபியம் கலக்கலாம். ஆனால் இரசாயனப் பூசண மருந்தையும் இந்த உயிரியல் மருந்துகளையும் ஒரே விதையில் சேர்க்கக் கூடாது.

பசை சரிதானா? வீட்டிலேயே சோதிக்கலாம்

உலர்ந்த விதையில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் போட்டு, முடிந்து, பத்துப் பதினைந்து முறை குலுக்குங்கள். துணியில் கருந்தூள் லேசாகப் படிந்தால் பரவாயில்லை. நிறைய உதிர்ந்து கிடந்தால் கஞ்சியில் பசை போதாது என்று பொருள். அடுத்து, நாலைந்து விதைகளை ஈரத் துணியில் சிறிது நேரம் வைத்து எடுத்துத் தடவிப் பாருங்கள். பூச்சு இளகிக் கையில் வழவழப்பாக வர வேண்டும். இந்த இரண்டு சோதனைகளிலும் தேறிய பசையே நல்ல பசை.

விதைத்து ஒரு மாதம் ஆனதும், வயலில் நாலைந்து இடங்களில் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுவே தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அறியலாம்.

நல்ல கஞ்சி காய்ச்சுவதற்குச் செலவு ஒன்றும் அதிகமில்லை. ஒரு பிடி புதுப் பச்சரிசி மாவும், அரை மணி நேரக் கவனமும் போதும். வரும் பட்டத்தில் பயறு விதைக்கும் விவசாயிகள், பொட்டலம் வாங்கும்போதே கஞ்சிக்கான அரிசியையும் எடுத்து வைத்துக்கொண்டு, இம்முறையைக் கையாண்டு பலன் பெறலாம்.